மொட்டை மாடியில் ஒரு பிரிவினை

கொடுங்கோல் ஆட்சி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் புத்தகத்தைப் புரட்டாமலே என்னால் பதில் சொல்ல முடியும். நானே நடத்தியிருக்கிறேன். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து இரண்டாவது திருப்பத்தில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், ஏறக்குறைய ஒன்றரை வருடம். அங்கே குடியிருந்த யாரும் அதைக் கொடுங்கோல் என்று சொல்லவில்லை. "டீச்சர் ரொம்ப சுறுசுறுப்பு" என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள். சட்டம் இயற்றுகிறவர் ஒருவர், அதை நிறைவேற்றுகிறவர் இன்னொருவர், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்கிறவர் மூன்றாமவர்; இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் குடிமக்கள் கதி அதோகதி. இதைப் பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு விளக்கி வருகிறேன். அதே கையால்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் எழுதினேன்.

எழுதும்படி ஆனது இப்படி. கட்டடம் கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு சங்கம் அமைக்க முதல் கூட்டம் போட்டோம். விதிகளை யார் எழுதுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் தங்கள் கைபேசியைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். "டீச்சருதான் படிச்சவங்க, அவுங்களே எழுதட்டும்" என்று ஒரு குரல் வந்தது. ஒரு சனிக்கிழமை, குக்கர் விசில் அடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டேன். விதிகளைச் சேர்க்கும் அதிகாரம் செயலாளருக்கு. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு செயலாளருக்கு. புகார், மேல்முறையீடு எல்லாம் செயலாளருக்கு. வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான். செயலாளர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவுப் படிவத்தில் தலைவர் என்று ஒரு கோடு இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த நேரம் கூடத்தில் உட்கார்ந்திருந்ததால் அவரே தலைவரானார். அவர் இருசக்கர வாகன உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். பிரேக் ஒயரில் இருக்கும் கவனம் காகிதத்தில் இருக்காது. நான் விரலை வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார், போட்டுவிட்டு "சாப்பாடு ஆச்சா?" என்பார். எங்கள் குடும்பம் இத்தனை வருடம் அமைதியாக ஓடியதற்கு அதுவே காரணம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மேல்தளத்தில். எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவர் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வருவார். நான்கு மணிக்கு ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். மாதா கோயில் தேர்த் திருவிழா எதுவானாலும் அவருடைய பேண்டு உண்டு. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதியை ஒட்டி டவுனில் விளக்கு ஊர்வலம் போகிறபோதும் அவர் வாசித்துக்கொண்டு போவார். ஊர்வலத்தில் கேட்டால் மெய்சிலிர்க்கும். மாடியில் கேட்டால் அப்படி இல்லை. ஒரே அடியை முப்பது தடவை வாசிப்பார், முப்பத்தோராவது தடவை தப்பு விட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். என் மேசைக்கு நேர் மேலே.

நான்கு மணி எனக்கு விடைத்தாள் திருத்தும் நேரம். ஒருநாள் ஒரு மாணவியின் விடையைக் கூட்டும்போது பத்தொன்பது வரவேண்டிய இடத்தில் பதினொன்று வந்தது. திரும்பக் கூட்டினேன், பதினாறு வந்தது. சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு, கணினியைத் திறந்து, விதி பதினேழைச் சேர்த்தேன். கட்டட எல்லைக்குள் இசைக் கருவிகளை வாசிக்கக் கூடாது. மூன்று எச்சரிக்கைக்குப் பிறகும் மீறினால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால் தலைவரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். "சாப்பாடு ஆச்சா?" என்றார்.

முதல் எச்சரிக்கை நோட்டீஸ் வந்ததும் அந்த மனிதர் மாடியின் அந்தக் கோடிக்குப் போய் வாசித்தார். இரண்டாவதுக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று வாசித்தார். அங்கே போனால் சத்தம் தொட்டியில் பட்டு இரண்டு மடங்காக வந்தது. மூன்றாவதையும் கொடுத்தேன். காலி செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதியிருந்தேன். வீட்டின் சொந்தக்காரர் பாரிசுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார். சங்கம் எப்படி முடிவு செய்கிறதோ அப்படியே தனக்குச் சம்மதம் என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

மேல்முறையீடு வந்தது, முறைப்படி, வெள்ளைத் தாளில். தன் மகள் பத்தாம் வகுப்பு என்றும், பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருப்பதால்தான் இங்கே வீடு எடுத்ததாகவும், வருடத்தின் நடுவில் போகச் சொன்னால் எங்கே போவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். ட்ரம்பெட்டின் வாயில் துண்டைச் சுற்றி வீட்டுக்குள்ளேயே வாசித்துப் பார்த்ததாகவும் சரியாக வரவில்லை என்றும் ஒரு வரி. செயலாளர் எடுத்த முடிவின் மேல் செயலாளருக்கு வந்த மேல்முறையீட்டைச் செயலாளராகிய நானே படித்து, "பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பழக்க தோஷத்தில் அவர் கடிதத்தில் இருந்த ஒற்றுப்பிழைகளையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என் காது சூடாகிறது.

அந்தக் கடிதத்தை அவர் யாரிடமும் காட்டி முறையிடவில்லை. அறிவிப்புப் பலகையில் என் நிராகரிப்பைப் பார்த்து முதலில் குரல் கொடுத்தவர் தரைத்தளத்துச் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இவர் பிரெஞ்சுக் குடிமகன். அவர் மனைவி இந்தியக் குடிமகள். பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் சொல்தா இஸ்திரி போட்ட சட்டையோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். இங்கே சட்டமன்றத் தேர்தல் வந்தால் அந்தம்மா போய் விரலில் மை வைத்துக்கொண்டு வருவார். ஒரே சமையலறையில் இரண்டு குடியரசுகள். சொல்தா தினமும் காலையில் செய்தித்தாள் படிக்கிற மாதிரி அறிவிப்புப் பலகையைப் படிப்பார்.

"மதாம்," என்றார் மாடிப்படியில் என்னை மறித்து, "எங்க நாட்ல ஒரு ராஜா இருந்தாரு. சட்டமும் நான்தான், தீர்ப்பும் நான்தான்னு குந்தியிருந்தாங்க அவரும் அவரு வம்சமும். கடைசியில தலைய எடுத்துட்டாங்க."

"நான் செயலாளர். ராஜா இல்லீங்க."

"அதான் சொல்றேன். ராஜாவுக்கே அந்தக் கதி."

என்னிடம் போய் அரசியல் சட்டம் பேசுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது. எந்த நாட்டிலும் மூன்று அதிகாரமும் முழுசாகப் பிரிந்து நிற்பதில்லை என்று வகுப்பே எடுத்துவிட்டேன். அவர் விடவில்லை.

"எங்க நாட்ல எம்.பி.யா இருக்கறவரு மந்திரி ஆயிட்டா எம்.பி. சீட்ட உட்டுடணும் மதாம். ரெண்டையும் வச்சிக்க முடியாது."

"எங்க நாட்ல சீட்டு இல்லாம மந்திரி ஆனா ஆறு மாசத்துல சீட்டு வாங்கணும். இல்லன்னா மந்திரி பதவியே போயிடும். ஊருக்கு ஊர் முறை வேற."

"வேறதான். ஆனா ரெண்டு நாட்லயும் ஜட்ஜு தனி ஆளு, மதாம்."

கூடையில் இருந்த கீரையைப் பார்த்தபடியே மேலே ஏறிவிட்டேன்.

சொல்தா அதோடு நிற்கவில்லை. கூட்டம் கூட்டத் தலைவரின் கையெழுத்து வேண்டும் என்பது விதி. நான் எழுதியதுதான். ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்காரரின் கடைக்குப் போனார். என் வீட்டுக்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அறிவிப்பில் எழுத, பிரெஞ்சில் தான் நினைத்ததற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று சொல்தா முந்தின நாள் என்னிடமே கேட்டிருந்தார். ஆசிரியருக்குரிய பெருமையோடு "அதிகாரப் பிரிவினை" என்று நானும் சொல்லியிருந்தேன். அவருடைய தமிழ் எழுத்து பெரியது. தாளில் இடம் போதவில்லை. எனவே அதிகாரத்தை விட்டுவிட்டார். பலகையில் வந்தது இதுதான்: "ஞாயிறு மாலை ஐந்து மணி. மொட்டை மாடி. தலைவர், செயலாளர் பிரிவினை குறித்துப் பேச அனைவரும் வரவும்."

தலைவரும் செயலாளரும் கணவன் மனைவி என்பது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும்.

இதற்கு மேல் சொல்தா தன் மனைவியிடம் வேறு பேசியிருக்கிறார். "மதாமுக்கும் மிசேவுக்கும் செப்பராசியோன் பண்ணியாவணும், எல்லாம் ஒரே வீட்ல இருக்கறதாலதான் பிரச்சன" என்று. மிசே என்றது என் வீட்டுக்காரரை. பிரெஞ்சுக் காகிதம் வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் செப்பராசியோன் என்றால் ஒரே அர்த்தம்தான். கோயிலில் கட்டிய கல்யாணத்தை முறிக்க முடியாது என்பதால், கணவன் மனைவி சட்டப்படி தனித்தனியாக இருந்துகொள்வது. அந்தம்மா இரண்டு நாள் எங்களுக்காக ஜெபம் செய்துவிட்டு, மனது கேட்காமல், வில்லியனூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டார். மாதா மாதம் காய்கறியோடு வரும் என் நாத்தனாரும் அவரும் வாசலில் நின்று பேசிப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். ஒரு கையில் மல்லிகைப்பூ போட்ட தூக்கு, ஒரு கையில் பை நிறையக் கத்தரிக்காய், கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து உட்காராமல், பாத்ரூமில் இருந்து தலை துவட்டிக்கொண்டு வந்த தம்பியை முறைத்தார்.

"ஏன்டா, இன்னாடா கொற வச்சா இந்தப் பொண்ணு ஒனக்கு?"

"என்னக்கா? சாப்பாடு ஆச்சா?"

"இருவது வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப பிரிவினைன்னு மொட்ட மாடியில கூட்டம் போடறீங்களாமே. ஊரக் கூட்டிப் பிரியறத இப்பதான்டா கேக்கறேன். ரெண்டு பேரும் தனியா வந்து எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. நான் சிரிக்கச் சிரிக்க அண்ணி இன்னும் பயந்தார், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார் போல. காபி போட்டுக் கொடுத்து, ட்ரம்பெட்டில் ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த ரூலு போட்டது யாரு?"

"நான்தான் அண்ணி."

"நோட்டீசு உட்டது?"

"நான்."

"அவரு முறையிட்டாரே, அத விசாரிச்சது?"

"அதுவும்... நான்தான்."

"அப்ப எந்தம்பி எதுக்கு?"

"கையெழுத்து போட."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "வரப்புத் தகராறுல கூட, தகராறு பண்றவனே நடுவுல குந்தி ஞாயம் சொல்லமாட்டாம்மா. வெக்கப்படுவான்" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கரும்பலகையில் என் மூன்று கட்டங்களால் ஆகாததை இந்த அம்மாள் காபி ஆறுவதற்குள் செய்துவிட்டாரே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதுவரை எந்தச் சங்கக் கூட்டத்துக்கும் வராத வீடுகள் எல்லாம் அன்று வந்திருந்தன. காரணம் எனக்குத் தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பலருக்கு முகம் தொங்கிப்போனது. சொல்தாவின் மனைவி மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

சொல்தா எழுந்து பிரான்சு முறையைச் சொன்னார். முதல் மாடியில் இருக்கும் ஒரு பெரியவருக்கு மகன் அமெரிக்காவில். அவர் எழுந்து, "அங்க பிரெசிடென்ட்டும் சரி, மந்திரிங்களும் சரி, சட்டசபையில மெம்பரே கெடையாது. அது தனி, இது தனி. அதையே வச்சிக்கலாம்" என்றார். இருவருக்கும் நடுவே நான் நம் நாட்டு முறையைச் சொன்னேன், மந்திரிகள் சபைக்குள்ளேயே உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும் என்பதில் ஒரு நன்மை உண்டு என்றேன். யாரோ பின்னாலிருந்து, "நம்ம ஊரு மாதிரி, ஜெயிச்ச முதல்வரு ஒருத்தரு, டெல்லியிலேர்ந்து வந்த கவர்னரு ஒருத்தருன்னு ரெண்டு பேரையும் வச்சிக்கலாமே" என்றார். "அப்ப தண்ணி மோட்டார் போடற ஃபைலு எப்பங்க கையெழுத்தாவும்?" என்று இன்னொருவர் கேட்டதும் மாடி முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பின் நடுவில் நான் ட்ரம்பெட்காரரைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் திட்டில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவருக்கு வீடு.

ஒரு மணி நேரத்தில் முடிவானது. விதிகளைப் பொதுக்கூட்டம் மட்டுமே செய்யும்; கூட்டத்தில் வராத பழைய விதிகளுக்கும் இது பொருந்தும். செயலாளர் அவற்றை நிறைவேற்றுவார். தகராறு என்று வந்தால், ஒவ்வொரு தகராறுக்கும் குலுக்கல் முறையில் மூன்று பேர் நடுவர். முதல் வழக்கை அப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்றார் சொல்தா. எந்த வீட்டுக்கும் சேராதவர் என்று என் நாத்தனாரைச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். மல்லிகைப்பூ வைத்திருந்த தூக்கில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தார். முதல் சீட்டு சொல்தாவின் மனைவி. இரண்டாவது அமெரிக்காக்காரரின் அப்பா. மூன்றாவது சீட்டைப் பிரித்து, படித்து, அண்ணி தன் தம்பியைப் பார்த்தார்.

சொல்தா உடனே எழுந்தார். "மிசே தலைவரு. தலைவரு ஜட்ஜா குந்தக் கூடாது. குந்தணும்னா தலைவர் பதவிய உடணும்."

"உட்டுட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், ஒரு நொடிகூட யோசிக்காமல். அப்படி ஒரு நிம்மதி அவர் முகத்தில். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அது போவட்டும், வழக்கு எங்க வீட்டுக்காரம்மாவோடது. நான் குந்தறது ஞாயமான்னு அவரத்தான் கேக்கணும்" என்று தொட்டித் திட்டைக் கைகாட்டினார்.

ட்ரம்பெட்காரர் எழுந்து நின்றார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை விலக்கிவிட்டு, "சாரு குந்தட்டும்ங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த மனிதருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று பரிதாபப்படவும் செய்தேன்.

என் தரப்பைச் சொன்னேன். விடைத்தாள்கள், மதிப்பெண், ஒரே அடி முப்பது தடவை. நன்றாகவே பேசினேன். ட்ரம்பெட்காரரைக் கேட்டார்கள். கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தெனம் வாசிக்கலன்னா ஒதடு மறந்துடும் டீச்சர். அதான்..." என்றார். மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாப்பா பரிச்ச முடியற வரைக்கும் இருந்துட்டு நாங்களே போயிடறோம்" என்றார்.

அமெரிக்காக்காரரின் அப்பா நான்கு மணிக்குத் தூங்குகிறவர். அவர் விதி விதிதான் என்றார். சொல்தாவின் மனைவி, தேரில் வாசிக்கிறவரை மாடியில் வாசிக்காதே என்று சொல்லத் தன் நாக்கு எழாது என்றார். ஒன்றுக்கு ஒன்று. எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "அந்த விதி பதினேழக் கொண்டாங்க" என்றார். கொடுத்தார்கள். "மூணு நோட்டீசும் குடுங்க." கொடுத்தார்கள். "அந்த லெட்டரு?" ட்ரம்பெட்காரரின் மனைவி முந்தானையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துத் தந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக. சிவப்புத் திருத்தங்கள் இருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கீழே சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"இந்த விதி எந்தக் கூட்டத்துலயும் வரல" என்றார் கடைசியில். "கூட்டத்துல வராத விதிய ஒருத்தரு மீற முடியாது. அதனால மூணு நோட்டீசும் செல்லாது. அவரு வீட்டக் காலி பண்ண வேணாம். பாப்பா பரிச்சைக்கப்புறமும் வேணாம்." கண்ணாடியைக் கழற்றினார். "நாலு மணிக்குச் சத்தம் தொந்தரவுன்னா, அடுத்த கூட்டத்துல செயலாளர் விதி கொண்டாரட்டும். அன்னிக்கி எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்."

ட்ரம்பெட்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ட்ரம்பெட்காரர் மறுபடி திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ கை தட்டினார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு வீடுகளின் முன்னால் என் சொந்த வீட்டுக்காரர் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்ற கோபம் ஒரு பக்கம். அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று பத்தொன்பது வருட அனுபவம் இன்னொரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

மாடிப்படி இறங்கும்போது நான் அவரோடு பேசவில்லை. நாத்தனார் பின்னால் வந்துகொண்டே, "இப்பதான் நெசமாவே பிரிவின வந்துடும் போலிருக்கே" என்று முணுமுணுத்தார். அன்று ஊருக்குப் போகவிருந்தவர், பையை மறுபடி உள்ளே வைத்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கினார், காவலுக்கு.

இரவுச் சாப்பாட்டின்போது நான்தான் வாயைத் திறந்தேன். "எனக்கு எதிரா சொல்லணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுதான் குந்துனீங்களா?"

"இல்ல. உனக்குச் சாதகமாத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

"அப்புறம்?"

"மூணு நோட்டீசுலயும் எங்கையெழுத்து இருந்துச்சி. படிக்காமப் போட்டுருக்கேன். இன்னிக்கித்தான் மொத மொத படிச்சேன்." ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். "நான் ஒரு தடவ படிச்சிருந்தா உங்கிட்டயே கேட்டிருப்பேன். நீயும் கிழிச்சிப் போட்டிருப்ப."

தவறு நான் மட்டும் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, காலை முதல் பேருந்துக்கே கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. நான்கே கால் ஆனது. மூன்று விடைத்தாள் திருத்தினேன், மூன்றுக்கும் மதிப்பெண் சரியாகக் கூடியது. மனது நிலைகொள்ளவில்லை. எழுந்து மாடிக்குப் போனேன்.

அவர் மாடியின் நடுவில், ட்ரம்பெட்டை இரண்டு கையிலும் பிடித்தபடி, படிக்கட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா வாசிப்பேன் டீச்சர்."

"அதான் நேத்து தீர்ப்பு சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க. இருந்தாலும் நீங்க சொல்லணும் இல்ல?"

தீர்ப்பு வந்தும் அவர் இன்னும் என் நோட்டீசுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார். அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எந்த வகுப்பிலும் விளக்க முடியாது. "வாசிங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஓர் உத்தரவுதானே என்று விழுங்கினேன்.

"சொல்றதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க" என்றேன். "வாசிக்கவும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது. அது ஒங்க இஷ்டம். செருப்ப முதல்ல போடுங்க."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், ட்ரம்பெட்டைப் பார்த்தார். ஊதுவாயைச் சட்டை நுனியால் துடைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அப்ப இன்னிக்கி வேணாம் டீச்சர்" என்றார். "நேத்து காலையில கோயில் பூசையில ரொம்ப வாசிச்சிட்டேன், ஒதடு வலிக்குது."

ட்ரம்பெட்டைத் தோளில் சாத்திக்கொண்டு, விசில் அடித்தபடி படியிறங்கிப் போனார். அவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த நான் மட்டும் மாடியில் நின்றுகொண்டிருந்தேன்.